குடமும் கோப்பும்

சமையலுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறோ கொல்லைப்புறத்தில் இருக்கிறது. ஒருத்தி கரண்டியோடு போய் ஒவ்வொரு கரண்டியாக மொண்டு வருகிறாள். மற்றொருத்தி குடம் நிறையக் கொண்டுவந்து அடுப்பருகே வைத்து, வேண்டும்போது மொண்டுகொள்கிறாள். இவ்விருவருள் யார் அறிவுடையவள் என்பதைச் சிறு குழந்தையும் சொல்லிவிடும். ஆயினும் கணிப்பொறிக்கு நிரல் எழுதத் தொடங்கும் நம்மில் பலர் முதலாமவளைப் போலத்தான் நடந்துகொள்கிறோம்!

கணிப்பொறியின் வட்டில் செய்திகள் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றை அளக்கும் அலகு 'பைட்' ஆகும். கோப்பின் ஒரு பகுதி வேண்டுமென்றால், நிரல் 'இயக்க முறைமை' என்னும் மேலாளரிடம் போய்க் கேட்க வேண்டும். ஒரு பைட் கேட்டாலும் பல்லாயிரம் பைட் கேட்டாலும் அங்கே போய்வரும் நடை ஒன்றுதான். ஆகவே ஒரே நடையில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதே சிக்கனம். அப்படி வைத்துக்கொள்ளும் இடத்திற்குப் 'பஃபர்' என்று பெயர். தமிழில் 'இடையகம்' என்பர். நாம் சொன்ன குடம் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1,230 மாணவியரின் மதிப்பெண் பட்டியல் ஒரு கோப்பில் உள்ளது. ஒருவருக்கு 100 பைட் வீதம் மொத்தம் 1,23,000 பைட். 851ஆம் மாணவியின் விவரம் மட்டும் வேண்டுமானால், முதலிலிருந்து படிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவளுக்கு முன் 850 பேர். எனவே 85,000 பைட்டுகளைத் தாண்டினால் போதும். யூனிக்ஸ், லினக்ஸ் முறைமைகளில் 'எல்சீக்' என்னும் அழைப்பு நம்மை அவ்விடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 'ரீட்' என்னும் அழைப்பு 100 பைட்டைப் படித்துத் தரும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கணக்கு எழுத்துகளை எண்ணுவதன்று, பைட்டுகளை எண்ணுவது. இன்று வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்பதற்கு 3 பைட். 'கா' என்பதற்கு 6 பைட். இதை மறந்தால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும்.

எல்லாருடைய சராசரியும் வேண்டுமென்றால் முழுக்கோப்பையும் படிக்கத்தான் வேண்டும். பைட் பைட்டாகக் கேட்டால் 1,23,000 நடை. 8,000 பைட் கொள்ளும் பஃபர் இருந்தால் 16 நடையில் எல்லாம் வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் பயிற்சிக்காக இப்படியொரு பட்டியலை அமைத்து நிரலை ஓட்டினோம். நொடியில் விடை வந்தது. ஆனால் மாணவியர் எண்ணிக்கை 1,280 என்றிருந்தது! இல்லாத 50 பேர் எங்கிருந்து வந்தனர்? தாளில் கணக்கிட்டபோது உண்மை விளங்கியது. பதினைந்து முறை பஃபர் நிறைந்தது. பதினாறாம் முறை எஞ்சியிருந்ததோ 3,000 பைட்தான். பஃபரின் மீதி 5,000 பைட்டில் முந்தைய முறை வந்த பழைய செய்தியே கிடந்தது. நிரல் அதையும் புதிதென்று எண்ணி, 1151 முதல் 1200 வரையுள்ள மாணவியரை இருமுறை கூட்டிவிட்டது. சராசரியும் பிழையாயிற்று. அது உண்மையான தேர்வுப் பட்டியலாக இருந்திருந்தால்? எண்ணவே அஞ்சினோம்.

திருத்தம் மிக எளியது. 'ரீட்' ஒவ்வொரு முறையும் எத்தனை பைட் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறது. அந்த எண்ணளவே பயன்படுத்த வேண்டும். 0 என்று சொன்னால் கோப்பு முடிந்தது. நாங்களோ விரைவின் மகிழ்ச்சியில் அதைக் கேட்கவே இல்லை.

தோழியரே, குடத்தில் கொண்டுவருவோம். கொண்டுவந்தது எவ்வளவு என்றும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வோம். விரைவும் கவனமும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.