இரவுப் பணி பார்ப்பவருக்கும் ஒரு வாக்கு

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் 2024 ஆகஸ்ட் 9 அன்று கொலையுண்டு கிடந்தார். 11 நாள் கழித்து, மருத்துவர்களின் பாதுகாப்பையும் பணிச்சூழலையும் ஆராய உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. பெயர்பெற்ற மூத்த மருத்துவர்களும் உயர் அதிகாரிகளும் அதில் இடம்பெற்றார்கள்; பயிற்சி மருத்துவருக்கு இடமில்லை. அவர்களது தரப்பையும் குழு கேட்கும் என்று நீதிமன்றம் பின்னர் உறுதியளித்தது. கேட்பது நல்லதுதான். ஆனால் வாசலில் நின்று மனு கொடுப்பதும் உள்ளே அமர்ந்து முடிவெடுப்பதும் ஒன்றல்ல. மருத்துவக் கல்லூரிகளின் கொள்கைக் குழுக்கள் எல்லாவற்றிலும் பயிற்சி மருத்துவர்கள் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக வேண்டும்.

விதி எழுதும் இடத்துக்கும் வார்டுக்கும் உள்ள இடைவெளிதான் இதற்கு முதல் காரணம். பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரம் என்ற அளவில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டமே சொல்லிவிட்டது. 32 ஆண்டுகளுக்குப் பிறகும், வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், ஒரு நாள் விடுப்பு கொடுங்கள் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. விதி இல்லாமல் இல்லை. அது நடைமுறையில் இருக்கிறதா என்று குழுவுக்குள் இருந்து மாதந்தோறும் கேட்க ஆள் இல்லை.

இதனால் பாதிக்கப்படுவது நோயாளியும்தான். பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், நீண்ட நேரப் பணிமுறையில் இருந்த முதலாண்டுப் பயிற்சியாளர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். அப்படியானால் மணிக்கணக்கைக் குறைத்தால் போதுமா என்றால், போதாது. பணி நேரம் குறையும்போது ஒருவர் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் தருணங்கள் பெருகும். அங்கே தகவல் விடுபடும் என்று மூத்தவர்கள் அஞ்சுவது நியாயமே. ஒப்படைக்கும் முறையைச் சீராக்கியபோது 9 மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த ஒப்படைப்பை நாள்தோறும் செய்பவர்கள் பயிற்சி மருத்துவர்கள். எந்தத் தகவல் எங்கே நழுவுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுபவமில்லாதவர்களுக்குக் கொள்கையில் என்ன வேலை என்று கேட்கலாம். நோயறியும் திறனில் பேராசிரியரின் அனுபவம் பெரிது, மறுப்பில்லை. இரவு இரண்டு மணிக்கு ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு யார் எடுத்துப் போகிறார்கள், ஓய்வறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பவற்றில் பயிற்சி மருத்துவரின் அனுபவமே பெரிது. உதவித்தொகை உயர்வை மட்டும்தான் பேசுவார்கள் என்ற ஐயமும் உண்டு. அமெரிக்காவில் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு அங்கீகாரம் அளிக்கும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பின் ஆய்வுக் குழுக்களில் பயிற்சி மருத்துவர்கள் உறுப்பினர்கள். அந்த உறுப்பினர்கள் கூடி முன்வைத்த முக்கியத் திட்டம், மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே செலவிடும் நேரத்தை மீட்பது பற்றியது.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் வேறு. தேர்வில் மதிப்பெண் போடும் துறைத் தலைவருக்கு எதிரே அமர்ந்து ஒரு மாணவர் வாய்திறப்பாரா? தனி ஆளாக, நிர்வாகம் தேர்ந்தெடுத்த ஆளாக இருந்தால் திறக்க மாட்டார். ஆகவே சக பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த இருவராவது வேண்டும்; ஒருவர் முதலாண்டு, ஒருவர் மூத்தவர் என்றிருந்தால் மூன்றாண்டில் படிப்பு முடிந்து போகிறார்களே என்ற குறையும் தீரும். கூட்ட நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். அவர்கள் சொன்னதும் அதற்குக் கிடைத்த பதிலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், ராகிங் தடுப்புக் குழுவில் முதலாண்டு மாணவர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் இடமளித்திருக்கின்றன. பாதிக்கப்படக்கூடியவர் குழுவில் இருக்க வேண்டும் என்பதை அங்கே ஏற்றுக்கொண்ட நாம், பணி நேரத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் குழுவில் மறுப்பதற்குக் காரணம் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் இதைப் பரிந்துரையாக விடாமல் விதியாக்க வேண்டும்.