மூன்று மீட்டர், மூன்று விடை!

(இரண்டாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன்)

சங்க மலரில் மீன் தொட்டிக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். 'ஆக்குரசி, ப்ரிசிஷன் வேறுபாடு தருக' என்று கேள்வி வந்தால் நாம் எல்லோரும் மனப்பாடமாக எழுதிவிடுவோம். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு ஓர் உயிர்ப் பிரச்சினை.

கடல் மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, அது நீந்துகிற தண்ணீரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. நாம் திடீரென்று உப்பைக் கூட்டினால் அதற்கு வேலை இரட்டிப்பு. பெருங்கடலில் சராசரி 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அதையே பிடித்து வைக்கப் பார்க்கிறோம்.

தூத்துக்குடியில் நான் ஞாயிறுதோறும் வேலைக்குப் போகும் அலங்கார மீன் கடைக்கு ஒரு சார் வந்தார். வீட்டில் 200 லிட்டர் தொட்டி, ஒரு ஜோடி க்ளவுன் மீன். கையில் மூன்று கருவி. கண்ணாடி ஹைட்ரோமீட்டர் 1.022 காட்டுகிறது, அட்டவணையில் பார்த்தால் 30 பிபிடிக்குக் கிட்ட வரும். ரிஃப்ராக்டோமீட்டர் 36.5. பேனா மாதிரி இருக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர் 33. "ஹைட்ரோமீட்டர்தான் பழைய சாமான், அதைத்தான் நம்புறேன். உப்பு குடுங்க" என்றார். 30-ஐ 35 ஆக்க லிட்டருக்கு 5 கிராம், 200 லிட்டருக்கு ஒரு கிலோ. கடைக்கு வியாபாரம்தான்! ஆனால் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏல, நீ படிக்கியே, என்னன்னு பாரு" என்று விட்டார்.

முதலில் ஹைட்ரோமீட்டரின் காகிதச் சுருளைப் படித்தேன். 60 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதாவது 15.6 டிகிரி செல்சியஸில் அளவு குறித்த கருவி. நம் ஊர்த் தொட்டித் தண்ணீரோ 30 டிகிரி. சூட்டில் தண்ணீர் விரிந்து அடர்த்தி குறையும். 35 பிபிடி கடல்நீரின் அடர்த்தி 15 டிகிரியில் 1.026, 30 டிகிரியில் 1.0217. அந்த வித்தியாசம் முழுக்க உப்புக் குறைவு போலத் தெரிகிறது. ஐந்து, ஆறு பிபிடி வரை ஏமாற்றும். கருவி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்வி வேறு. இதில் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. குமிழி ஒட்டினால் கருவி மேலே எழும்பிக் கூடுதலாகக் காட்டும். தண்டில் உப்புப் படிந்தால் கனத்து இறங்கிக் குறைவாகக் காட்டும்.

ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி விலகலை வைத்து அளக்கிறது. சந்தையில் வரும் பலவற்றில் ஸ்கேல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கு வரைந்தது. கடல்நீரில் மக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் 35 பிபிடி கடல்நீர் அதில் 36.5 என்று விழும். சுத்தத் தண்ணீர் வைத்துப் பூஜ்யத்தைச் சரிசெய்தால் போதாது. அது ஒரு முனைதான், நமக்கு வேண்டியது மறுமுனை. அதற்கு 36.5 கிராம் சோடியம் குளோரைடு, 963.5 கிராம் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக் கலக்க வேண்டும். இதன் ஒளிவிலகல் எண் 35 பிபிடி கடல்நீருடையதே. எங்கள் அப்பா வேலை செய்யும் அளத்து உப்பு இதற்கு ஆகாது. ஈரமும் மக்னீசியமும் இருக்கும். லேப் உப்பை நன்றாக உலர்த்தி எடைபோடுவதே நல்லது. கரைசல் பாட்டிலைத் திறந்தே வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஸ்டாண்டர்டே மாறிவிடும்.

அந்தக் கரைசலைச் சொட்டுவிட்டுப் பார்த்தோம். 36.5. சாருடைய தொட்டித் தண்ணீரும் அதே கோட்டில் நின்றது. ஆக, தொட்டியில் இருந்தது சரியாக 35! ஒரு கிலோ உப்பைக் கொட்டியிருந்தால் 40-க்குப் போயிருக்கும்.

பேனா மீட்டர் கதை சின்னது. மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். முனையில் அழுக்குப் படிந்தாலும் குறையும். கழுவி, 53 மில்லிசீமன்ஸ் ஸ்டாண்டர்டில் வைத்துத் திருத்தினால் அதுவும் வழிக்கு வரும். கடல் ஆராய்ச்சியாளர்களும் இந்த வழியில்தான் அளக்கிறார்கள். 1978-ல் வகுத்த உப்புத்தன்மை அளவுகோலே, ஒரு கிலோவில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு உள்ள கரைசலோடு 15 டிகிரியில் ஒப்பிடுவதுதான்.

"கடல் பக்கத்துல தானே இருக்கு, அந்தத் தண்ணிய வச்சே சரிபார்த்தா என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பருவமழையில் கரையோரம் நன்னீர் கலக்கும், கோடையில் உப்பு கூடும். மாறுகிற ஒன்றை அளவுகோலாக வைக்க முடியாது. அப்பாவுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும். அளத்தில் போமே டிகிரி பார்ப்பதும் ஹைட்ரோமீட்டரில்தான். கடல்நீர் 3, 3.5 டிகிரி, 25 வந்தால் உப்பு விளையும், 29, 30 தாண்டினால் மிச்ச நீரை வெளியேற்றுவார்கள், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். "மத்தியானம் பார்த்ததையும் விடியக்காலம் பார்த்ததையும் ஒண்ணா வச்சுப் பேசக் கூடாது" என்பார். நம் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்!

அளவு ஒரே மாதிரி வர, தொட்டிக்காரர் செய்ய வேண்டியதும் அதுவே. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். 200 லிட்டரில் 6 லிட்டர் குறைந்தால் 35 என்பது 36.1 ஆகிவிடும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரை டேப் வரை ஊற்றி, பம்ப் ஓடி நன்றாகக் கலந்த பிறகே அளக்க வேண்டும். ஊற்றுவது உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாது. தினம் ஒரே நேரம், ஒரே கருவி. ரிஃப்ராக்டோமீட்டரில் சொட்டு விட்டதும் அரை நிமிடம் பொறுக்கவும். 'ஏ.டி.சி.' என்று போட்டிருந்தாலும் பலவற்றில் அது 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறையே அதைத் தாண்டிவிடும், காலையில் பார்ப்பதே உத்தமம். மாதம் ஒருமுறை கரைசலில் சரிபார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

எந்த மீட்டரையும் நம்பாதவர்களுக்குக் கெமிஸ்ட்ரி லேப் இருக்கிறது. தொட்டித் தண்ணீரைச் சில்வர் நைட்ரேட்டில் டைட்ரேட் செய்து, ஒரு கிலோவுக்குக் குளோரின் அளவைக் கண்டுபிடித்து 1.80655 ஆல் பெருக்கினால் உப்புத்தன்மை. 19.37 வந்தால் 35. சில்வர் நைட்ரேட் விலை கூடின சரக்கு. பத்து மடங்கு நீர்த்துக்கொண்டு போனால் லேப் அட்டெண்டர் அண்ணன் முகம் சுளிக்க மாட்டார்.