பிட்டிதேவன் 'வெட்டி' ராஜாவா?

ஒரு பாஷையில் கம்பீரமான ராஜா பெயர், பக்கத்துப் பாஷைக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பாகிவிடும். பெங்களூரில் நாலு பாஷை பேசி வியாபாரம் செய்பவன் என்பதால் எனக்கு இந்த வேடிக்கை பழக்கம். அன்பர்களுக்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன்.

1336-இல் விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரர், புக்கர் சகோதரர்களை ஹக்கா, புக்கா என்பார்கள். இந்திக்காரருக்கோ 'ஹக்கா பக்கா' என்றால் திகைத்துப்போய் நிற்பது! கங்க மன்னர் அவிநீதரின் மகன் துர்விநீதர். வடமொழிப்படி அப்பா அடக்கமில்லாதவர், பிள்ளை அடங்காப்பிடாரி. ஆனால் அந்தப் பிள்ளையைத்தான் 9-ஆம் நூற்றாண்டின் 'கவிராஜமார்க்கம்' கன்னட உரைநடை ஆசிரியர்களில் ஒருவராகப் போற்றுகிறது.

இனி ஹொய்சள மன்னர் பிட்டிதேவன். கன்னடத்தில் 'பிட்டி' என்றால் ஓசி, கூலியில்லா வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் அதுதான். இரண்டும் 'விஷ்டி' என்ற வடசொல்லிலிருந்து வந்தவை. அப்படியானால் இவர் வெட்டி ராஜாவா? இல்லவே இல்லை. 'விஷ்ணு' என்பதே ஜனங்கள் வாயில் 'பிட்டி' ஆயிற்று என்பது அறிஞர் கருத்து.

சமணனான எனக்கு இது வெறும் சிரிப்போடு போகிற சங்கதி அல்ல. சமணராக இருந்த பிட்டிதேவன், ராமானுஜரால் வைணவராகி, விஷ்ணுவர்த்தனன் என்று பெயர் மாற்றிக்கொண்டார் என்றுதான் கதை சொல்கிறோம். பிட்டியே விஷ்ணு என்றால், பெயரை மட்டும் சாட்சியாக வைத்து மதம் மாறினார் என்று தீர்ப்பு எழுத முடியுமா?

அவர் 1117-இல் பேலூரில் பெருமாள் கோயில் கட்டியது உண்மை. ஆனால் 1123-இல் பட்டத்தரசி சாந்தலதேவி சிரவணபெளகொளாவில் ஒரு ஜினாலயம் கட்டினாள். அதன் பெயர் 'சவதி கந்தவாரண பஸதி'. சவதி என்றால் சக்களத்தி, கந்தவாரணம் என்றால் மதயானை. 'சக்களத்திகளுக்கு மதயானை' என்பது ராணியின் விருதுப்பெயர்! சோழரிடமிருந்து தலக்காட்டைப் பிடித்துக் கொடுத்த தளபதி கங்கராஜரும் சமணரே. ராஜா பெருமாளைக் கும்பிட்டார். ராணியும் தளபதியும் ஜினரைக் கும்பிட்டார்கள். ராஜ்யம் ஒன்றாகத்தான் இருந்தது.

அடுத்த லீவில் பிள்ளைகளைப் பேலூருக்கு அழைத்துப் போகிறவர்கள், சிரவணபெளகொளாவில் பெரிய கோமடேசுவரரோடு திரும்பிவிடாமல், எதிரே இருக்கும் சந்திரகிரிக்கும் ஏறி அந்தப் பஸதியைக் காட்டுங்கள். பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கட்டும். சிரித்த பெயர் மறக்காது.