எட்டாத கோப்புகளும் தரவுத்தள மீட்பும்

வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவு ஆகியவை இன்று பெரும்பாலும் கணிப்பொறியின் தரவுத்தளங்களிலேயே பேணப்படுகின்றன. இத்தகைய தளம் இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றுவிட்டால், பாதி எழுதப்பட்ட பக்கங்களின் கதி யாது? ஒருவர் கணக்கில் கழிக்கப்பட்ட பணம் மற்றவர் கணக்கில் சேராமற் போய்விடுமோ? இவ்வையத்திற்கு இடமில்லாமற் செய்வதே மீட்பு முறையின் நோக்கமாகும்.

இதன் அடிப்படை, வணிகர் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் கணக்கு முறையை ஒத்தது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலை அவர்கள் முதலில் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுவர். பின்னரே பேரேட்டில் உரிய கணக்குகளில் பதிவர். பேரேட்டில் ஒரு பதிவு விடுபட்டாலும் குறிப்பேட்டைக் கொண்டு அதனைச் சேர்த்துவிடலாம். தரவுத்தளமும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறது. அது வட்டில் நிலைபெற்ற பின்னரே தரவுக் கோப்பில் அம்மாற்றம் எழுதப்படும். இக்கொள்கையை விரிவாக வகுத்துரைத்த ‘ஏரீஸ்’ என்னும் முறை 1992 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் முதல்வரான சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்.

தளம் நிலைகுலைந்து மீண்டும் தொடங்கும்போது, கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நிலையிலிருந்து குறிப்பேடு வரிசையாகப் படிக்கப்படுகிறது. விடுபட்ட மாற்றங்கள் கோப்புகளில் மீண்டும் எழுதப்படுகின்றன. இவ்வேளையில் ஒரு கோப்பைத் திறக்க இயலாவிடின் என் செய்வது? உடனே நின்றுவிடுவதா, அதனை விடுத்து மேற்செல்வதா? இரண்டிலும் தீங்கு உண்டு. நின்றால், நலமாயுள்ள தரவும் எவருக்கும் பயன்படாது. மேற்சென்றால், குறைபட்ட தரவு முழுமையானதுபோல் வழங்கத் தொடங்கும்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் அனுபவம் இதனை நன்கு விளக்குகிறது. கோப்பில் எழுதப்பட்டவை உடனே வட்டைச் சென்றடைவதில்லை. இயக்க முறைமையின் நினைவகத்தில் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஒரு நிலைகுலைவிற்குப் பின், அவை வட்டில் சேருமுன் மற்றொரு நிலைகுலைவு நேரின் தரவு பழுதுறக் கூடும். ஆகவே, மீட்பைத் தொடங்குமுன் தரவு அடைவிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வட்டில் உறுதிப்படுத்தும் ஏற்பாடு 2015 மே மாதம் வெளியான 9.4.2 முதலிய பதிப்புகளில் சேர்க்கப்பட்டது. நோக்கம் நன்றே. ஆயினும், எக்கோப்பில் எவ்வகைப் பிழை நேர்ந்தாலும் தளம் தொடங்க மறுத்தது. மறையாக்கச் சான்றிதழ்க் கோப்புகளைத் தளத்தின் மென்பொருள் மாற்ற இயலாதவாறு பூட்டி வைப்பது பல நிலையங்களில் வழக்கம். தரவிற்குச் சிறிதும் தொடர்பற்ற அக்கோப்புகளாலேயே சில இடங்களில் தளம் எழ முடியாது போயிற்று.

ஜூன் 4 ஆம் தேதி வெளியான 9.4.3 முதலிய பதிப்புகளில் இது திருத்தப்பட்டது. அனுமதியின்மையால் நேரும் பிழை பொருட்படுத்தப்படுவதில்லை. பிற பிழைகள் குறித்து வைக்கப்படுகின்றன, ஆனால் தொடக்கத்தைத் தடுப்பதில்லை. இது கவனக்குறைவன்று. குறிப்பேட்டின்படி மாற்றப்பட வேண்டிய கோப்பு மீட்பின்போது மீண்டும் திறக்கப்படும். அப்போதும் திறக்க அனுமதி இல்லையெனில் மீட்பு அங்கே நின்றுவிடும்.

கோப்பே காணாமற்போன நிலை வேறு. சான்றாக, ஓர் அட்டவணை 10 மணிக்கு மாற்றப்பட்டு, 10.05 க்கு நீக்கப்பட்டு, 10.06 க்குத் தளம் நிலைகுலைந்தது எனக் கொள்வோம். மீட்பு 10 மணிப் பதிவை அடையும்போது கோப்பு இராது; ஆனால் அது குற்றமன்று. எனவே போஸ்ட்கிரெஸ் அவ்விடத்தில் முடிவு கூறாமல், காணாத பக்கத்தைத் தனியே குறித்து வைத்து மேற்செல்கிறது. பின்னர் நீக்கப் பதிவு எதிர்ப்படின் அக்குறிப்பு அழிக்கப்படும். இறுதிவரை எதிர்ப்படாவிடின், கோப்பு முறைகேடாக மறைந்தது என உணர்ந்து மீட்பு நிறுத்தப்படும்.

இந்நிறுத்தத்தைப் புறக்கணிக்கச் செய்யும் அமைப்பு ஒன்று 2020 இல் வெளியான 13 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அது தரவை இழக்கவோ, பழுதை மறைக்கவோ செய்யக்கூடும். வேறு வழியற்றபோது மட்டுமே உபயோகிக்கத் தக்கது.

பிழையை விடுப்பது எங்கும் பொருந்தாது என்பதற்கும் சான்று உண்டு. வட்டில் உறுதிப்படுத்தல் ஒருமுறை தோற்றபின், லினக்ஸ் முறைமையில் மறுமுறை ‘வெற்றி’ என விடை வரினும், எழுதியவை இழக்கப்பட்டிருக்கலாம் என்பது 2018 இல் தெளிவாயிற்று. ஆதலால் 2019 முதல், இயங்கும் தளத்தில் தரவுக் கோப்பிற்கு இப்பிழை நேரின் போஸ்ட்கிரெஸ் தானாகவே நின்று, குறிப்பேட்டிலிருந்து மீள்கிறது.

தளத்தைப் பேணுவோர் இவற்றிலிருந்து அறிய வேண்டுவன சில. திறவாத கோப்பு எதுவெனப் பிழைச் செய்தியில் முதலில் காண்க. அதன் உரிமையும் அனுமதியும், வட்டு இணைக்கப்பட்டுள்ளதா என்பதும் சோதிக்கத் தக்கவை. எதனையும் மாற்றுமுன் தளத்தை நிறுத்தி, அடைவு முழுவதையும் வேறோர் இடத்தில் படியெடுத்தல் இன்றியமையாதது. இடம் போதாதென்று குறிப்பேட்டுக் கோப்புகளை அழித்தல் ஒருபோதும் தகாது; பேரேட்டைச் சீர்செய்யத் துணையாவது அதுவே.