92,000 பேர் எங்கே?

கனடா எல்லையை ஒட்டி, நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பழைய தொழில் நகரம் பஃபலோ. அங்கே இலகு ரயில் திட்டம் தீட்டியபோது, வார நாளில் 92,000 பேர் ஏறுவார்கள் என்று கணித்தார்கள். 1986க்குள் சுமார் 10 கிலோமீட்டர் பாதையும் தயாரானது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏறியவர்கள் 29,200 பேர்தான்.

பஃபலோ மட்டும் சறுக்கவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக டான் பிக்ரெல் 1989இல் அளித்த அறிக்கை, மற்ற நகரங்களின் கதையையும் சொல்கிறது. சாக்ரமெண்டோவில் எதிர்பார்த்தது 50,000 பேர், வந்தது 14,400. பிட்ஸ்பர்கில் 90,500க்கு 30,600. போர்ட்லாந்தில் 42,500க்கு 19,700.

நான்கு படிகள்

இந்த எண்கள் வாய்க்கு வந்தவை அல்ல. நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, எத்தனை வேலை, எத்தனை கார் என்று கணக்கெடுக்கிறார்கள். அங்கிருந்து எத்தனை பயணங்கள் கிளம்பும், எங்கே போய்ச் சேரும், எதில் ஏறிப் போகும், எந்தத் தடத்தில் போகும் என்று நான்கு படிகளில் கணக்கு நகர்கிறது.

சிக்கல் பெரும்பாலும் மூன்றாவது படியில். காரை வீட்டில் விட்டுவிட்டு யார் ரயிலுக்கு வருவார்? ரயிலில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் காத்திருக்கும் பத்து நிமிடம் பயணியை அதிகம் வாட்டும். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறி ஏறுவதும் அலுப்புதான். போதாததற்கு, நகரமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1950இல் 5.8 லட்சமாக இருந்த பஃபலோவின் மக்கள்தொகை 1980இல் 3.6 லட்சத்துக்குக் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகம் புறநகரில் புது வளாகம் கட்டியது. ரயிலோ பழைய வளாகத்தோடு நின்றுவிட்டது.

கணக்கா, காசா?

அப்படியானால் சரியாகக் கணிக்கவே முடியாதா? முடியும். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே, டேனியல் மெக்ஃபேடன் குழுவினர் வேலைக்குப் போவோரிடம் விசாரித்து, 6.3 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றார்கள். அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம். ஏறியவர்கள் 6.2 சதவீதம். மெக்ஃபேடனுக்கு 2000இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

பிறகு ஏன் கணிப்பு பிசகுகிறது? பிக்ரெல் கைகாட்டியது பணத்தை. அந்தக் காலத்தில் கட்டுமானச் செலவில் 80 சதவீதம் வரை வாஷிங்டன் தந்தது. எண் பெருத்தால் திட்டம் தேறும். பொய்த்தால் கணித்தவருக்கு நஷ்டமில்லை. பென்ட் ஃப்ளூபியா குழுவினர் 14 நாடுகளில் 210 திட்டங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவும் இதற்கு ஒத்துப்போகிறது: பத்து ரயில் திட்டங்களில் ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையை ஊதிக் காட்டியிருந்தார்கள். தடுமாற்றம் மட்டுமே காரணமென்றால், பாதியாவது குறைத்துக் கணித்திருக்க வேண்டாமா?

ஃப்ளூபியா சொல்லும் மருந்து, இதேபோன்ற திட்டங்களில் கடைசியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று முதலில் பார்ப்பது. பின்னாளில் அமெரிக்க அரசும், மானியம் பெற்ற நகரங்கள் கணிப்பையும் நடப்பையும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்று விதித்தது. சூத்திரத்தைத் திருத்துவதைவிட இது பயன் தரும். தன் எண்ணைப் பத்தாண்டு கழித்து ஒருவர் எடுத்துப் பார்ப்பார் என்று தெரிந்தால், கணிப்பவரின் கை கொஞ்சம் நிதானிக்கும்.