சோனகதெருவின் கணக்கு

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அங்கிருந்து நேரே நல்லூருக்குப் போய்விடுகிறார்கள். கோட்டையிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் முஸ்லிம்களின் சோனகதெரு இருக்கிறது. ஐந்து சந்தியில் இறங்கினால் ஜின்னா வீதி, ஆசாத் வீதி, பெரிய பள்ளிவாசல், ஒஸ்மானியாக் கல்லூரி எல்லாம் நடக்கிற தூரம். இலங்கைச் சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் பிறந்தது இந்தப் பக்கத்தில், வண்ணார்பண்ணையில்தான். குர்ஆன் ஓதியது இங்கே, படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில்.

சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சிக் கொத்து, புரியாணி, நோன்பு மாதத்தில் கஞ்சி, பெருநாளுக்கு வட்டிலப்பம். பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய். கருப்பட்டியைக் குறைத்தால் அது வட்டிலப்பமாக இராது.

அடுத்த கணக்கு 1990 ஒக்டோபர் 30ஆம் திகதியுடையது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து இங்கிருந்த முஸ்லிம்களை மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊரை விட்டுப் போகக் கொடுத்த நேரம் 2 மணித்தியாலம். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 72,000 முதல் 75,000 வரை. யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பகுதியிலிருந்து மட்டும் 20,000 அளவில். கொண்டுபோக விட்டது மாற்றுடுப்பும் கொஞ்சக் காசும். சிலர் 150 ரூபாய் என்கிறார்கள், சிலர் 500 என்கிறார்கள். அன்று ஒரு டொலர் 40 ரூபாய். 20,000 பேரும் தலைக்கு 500 ரூபாய் கொண்டுபோனார்கள் என்றே வைத்தாலும் மொத்தம் 1 கோடி ரூபாய், இரண்டரை இலட்சம் டொலர். விட்டுப்போன பக்கத்தில் வீடுகள், நகைக்கடைகள், இரும்புக்கடைகள், தையற்கடைகள், லொறிகள். பிறகு அந்த வீடுகளின் கூரையும் கதவும் நிலையும் கழன்றன. அவற்றின் விலை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆட்களை இழந்த தெரு வேறிடத்திலும் உண்டு. போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் காசிமியேஷ் என்ற பழைய யூதக் குடியிருப்பு இருக்கிறது. 1939இல் அந்த நகரத்தில் ஏறக்குறைய 65,000 யூதர்கள், நகரத்தின் கால்பங்கு. போருக்குப் பிறகு மிஞ்சியது சில ஆயிரம். இன்று உலகம் அங்கே போய்த் தொழுகைக்கூடங்களைப் பார்க்கிறது, யூதச் சமையலைச் சாப்பிடுகிறது, இசை கேட்கிறது. சமைத்த வீடுகளின் ஆட்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள்; அவர்களை எந்தச் சுற்றுலாவும் திருப்பிக் கொண்டுவராது. சோனகதெருவின் ஆட்களோ 270 கிலோமீற்றர் தள்ளிப் புத்தளத்தில் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே இங்கே நமக்கு இன்னும் செய்ய இருக்கிறது. இதைத் தமிழர்களான நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2002இல் போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்தபோது சிலர் வந்தார்கள், 2009இல் போர் முடிந்த பிறகு இன்னும் கொஞ்சப்பேர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்து முஸ்லிம்கள் 2,000க்குச் சற்று மேல்தான். வந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அதிகம். காரணம் விளங்காததல்ல: 1990இல் ஒரு வீட்டிலிருந்து போன ஐந்து பிள்ளைகள் இன்று ஐந்து குடும்பம், காணி அதே ஒன்று. பத்து வருட ஆட்சியால் காணியுரிமை கைமாறும் சட்டத்திலிருந்து யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களைக் காக்க, 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உறுதி தப்பினாலும், மற்ற நான்கு குடும்பத்துக்கு வீடு கட்ட நிலம் வேண்டும்.

கோட்டை பார்க்க வருகிறவர் மதியச் சாப்பாட்டை ஐந்து சந்தியில் வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து கடை திறந்தவருக்கு அன்றைய வியாபாரம் நடக்கும்.