ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் ஏன் படுத்துவிடுகிறது?
சந்தேகங்களும் விளக்கங்களும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம், சொன்ன வேகம் ஏன் வரவில்லை? நியாயமான கேள்வி. பதில் வீட்டுக்குள்ளே பாதி, தெருவுக்கு வெளியே பாதி இருக்கிறது.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். விடியற்காலை பறக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் படம் நின்று நின்று ஓடுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இது நெரிசல். உங்கள் வீட்டுக்கு வரும் கண்ணாடி இழை உங்களுக்கு மட்டுமானது அல்ல. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு இழையின் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 64 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்கினால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒன்றாக இறக்குவது அபூர்வம் என்ற நம்பிக்கையில்தான் 100 என்று விற்கிறார்கள். உள்ளூர் மையத்திலிருந்து வெளியூர் போகும் லிங்க்கிலும் இதே பங்கீடுதான். அங்கே பங்காளிகள் இன்னும் அதிகம்.

பகிர்வதைத் தவறென்று சொல்ல முடியாது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், 1909-லேயே இதற்குக் கணக்குப் போடத் தொடங்கினார். ஆயிரம் பேரிடம் போன் இருந்தால் ஆயிரம் லைன் தேவையில்லை. எத்தனை இருந்தால் போதும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. தவறு நடப்பது, போதுமான அளவைவிடக் குறைத்துப் போடும்போது.

கொஞ்சம் கூட்டம் கூடினால் கொஞ்சம்தானே குறைய வேண்டும்? ஏன் மொத்தமாகப் படுத்துவிடுகிறது?

இந்த இடத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ரயில் முன்பதிவு கவுன்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு டிக்கெட் போட சராசரியாக ஒரு நிமிடம். ஆட்கள் நேரம் பார்த்து வருவதில்லை; சில சமயம் நாலு பேர் சேர்ந்து வருவார்கள், சில சமயம் ஈ ஆடாது. கவுன்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், காத்திருப்பையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். 80 சதவீத நேரம் வேலை என்றால் 5 நிமிடம். 90 சதவீதம் என்றால் 10. 95 சதவீதம் என்றால் 20. கவுன்டரில் இருப்பவரின் கைவேகம் மாறவே இல்லை. கூட்டம் சற்றுக் கூடியதற்கு வரிசை வாசல் தாண்டிவிட்டது.

இணையத் தரவும் சிறுசிறு பொட்டலங்களாக இப்படித்தான் வரிசையில் நிற்கிறது. இதனால்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2006-ஆம் ஆண்டு விதிகள், உச்ச நேரத்தில் ஒரு லிங்க் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்றன. 90-ஐத் தாண்டினால் நெரிசல் என்று கொண்டு, ஒரு மாதத்துக்குள் லிங்க்கைப் பெரிதாக்க வேண்டும் என்றும் சொன்னன. ஒரே வேகத்தை எத்தனை பேருக்குப் பங்கிடலாம் என்பதற்கும் 2009-இல் வழிகாட்டுதல் வந்தது: வீட்டு இணைப்பு என்றால் அதிகபட்சம் 50 பேர், வணிக இணைப்பு என்றால் 30 பேர்.

எல்லாப் பழியும் கம்பெனி மேல்தானா?

இல்லை. ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டில் நானே நின்று அளந்து பார்த்தேன். ரவுட்டர் ஹாலில், ஷோகேஸில் டிவிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு செங்கல் சுவர் தாண்டிப் படுக்கையறையில் போனில் பார்த்தால் 24 எம்பிபிஎஸ். உடனே லேப்டாப்பை ரவுட்டரோடு ஒயர் போட்டு இணைத்துப் பார்த்தோம்: 93. அந்த வீட்டில் குறை லைனில் இல்லை, சுவரில் இருந்தது. ரவுட்டரை நடுவீட்டில், உயரமாக, திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் சுவர் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம்.

இன்னொன்று. 100 மெகா'பிட்' என்பது நொடிக்கு 12.5 மெகா'பைட்'. ஒரு ஜிபி படம் இறங்க 80 நொடி ஆவது சரியான வேகமே.

'அன்லிமிடெட்' என்கிறார்கள், பிறகு எஃப்யூபி (நியாயப் பயன்பாட்டு வரம்பு) என்கிறார்கள். பணம் எதற்குத்தான்?

பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். சாதாரணக் குடும்பம் அந்த அளவைத் தொடாது. பழைய சிறு பிளான்களில்தான் இந்த எல்லை வலித்தது. எல்லை தாண்டினாலும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று 2016 அக்டோபரில் டிராய் உத்தரவிட்டது. விலையைப் பார்க்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 499 என்பது கையை விட்டுப் போகும்போது 589 ரூபாய்.

என் கருத்தில் ஜிபி கணக்கு உச்ச நேர நெரிசலிலிருந்து நம் கவனத்தைத் திருப்புகிறது. மின் நிலையங்களோடு வாழும் நெய்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாலையில் மாநிலமே விளக்குப் போடும் நேரத்தைத் தாங்கும் அளவுக்கு மின் நிலையமும் லைனும் வேண்டும். நள்ளிரவில் அதில் ஒரு பகுதி சும்மா இருந்தாலும் போட்ட செலவு போட்டதுதான். உயரழுத்தத் தொழிற்சாலைகளிடம் உச்ச நேர மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது அதனால்தான். இணையத்திலும் செலவு வைப்பது இரவு ஒன்பது மணிதான். விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் இறக்கும் 50 ஜிபியால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

எஸ்டிடி பூத் காலத்தில் இந்த நேர வித்தியாசம் விலையிலேயே தெரிந்தது. இரவு நேரம் கழித்துப் பேசினால் நாலில் ஒரு பங்கு கட்டணம்தான் என்பதால் மஞ்சள் போர்டுக்குக் கீழே வரிசையில் நின்றோம். பிஎஸ்என்எல் பிராட்பேண்டிலும் இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கில் சேராத பிளான்கள் இருந்தன. எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலை மாற்றுவதை டிராய் 2016 பிப்ரவரி 8-இல் தடைசெய்தது. எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதற்கு அந்தத் தடை பொருந்தாது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து படம் பார்ப்பவருக்கு மலிவான இரவு பிளான் கிடைத்தால் அவருக்கும் லாபம், ஒன்பது மணிக்குப் பாடம் கேட்கும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.

எங்கே புகார் செய்வது?

முதலில் அளவெடுங்கள்: ஒயர் போட்டு, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், ஒரு வாரம். நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிப்பட்ட புகாரை விசாரிப்பதில்லை. ஆனால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

புது இணைப்புக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டும் முன், அதே நிறுவனத்தின் லைன் வைத்திருக்கும் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரிடம் கேளுங்கள்: ராத்திரி ஒன்பதுக்கு எவ்வளவு வருகிறது?